குதிரையும் முகமில்லாத தாயும்

எம். எஃப். உசேனின் ஓவியங்கள் குறித்து

குதிரை தமிழ் மண்ணுக்குரிய விலங்கன்று. அது கப்பலேறி வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பொருள்களை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, கடல் கடந்து வந்த குதிரைகளையே முதலில் சொல்கிறது. பாண்டியர்கள் அரபு நாட்டுக் குதிரைகளுக்காக ஆண்டுதோறும் பெரும்பொருள் செலவிட்டதையும், தட்பவெப்பமும் தீவனமும் ஒவ்வாமல் அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்ததையும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். குதிரை வாங்கப் போன அமைச்சர் அந்தப் பணத்தில் கோயில் கட்டிய கதையும், நரி பரியான கதையும் நம் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும்.

இப்படி அயலிலிருந்து வந்து, இங்கு வாழவே முடியாமல் திணறிய விலங்கு, காலப்போக்கில் என்னவாயிற்று? தவளக்குப்பத்திலிருந்து பாகூர்ப் பக்கம் சென்றாலும் வில்லியனூர்ப் பக்கம் சென்றாலும், ஊர் எல்லையில் மரங்களின் நிழலில் ஐயனார் இருக்கிறார். அவருக்கு முன்னே குதிரை நிற்கிறது. கப்பலில் வந்த விருந்தாளி ஊர்க்காவலாளி ஆகிவிட்டது. இந்த மாற்றத்தைச் செய்தவன் அரசனல்லன். மண் பிசைந்த குயவன். அவன் போர்க்குதிரையைக் கண்டிருக்க மாட்டான். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து, பானை வனையும் முறையிலேயே உள்ளீடற்ற கால்களை எழுப்பி, அவற்றின்மேல் உடலைக் கட்டி, கழுத்தை நிமிர்த்திச் சுட்டெடுத்தான். கால்கள் தூண்களைப் போல இருக்கும், கண்கள் பிதுங்கியிருக்கும். அந்தக் குதிரையால் ஓட முடியாது. ஆனால் அது விழித்திருக்கிறது. ஓடும் விலங்கிலிருந்து ஓட்டத்தை எடுத்துவிட்டு விழிப்பை மட்டும் வைத்துக்கொண்டதே குயவனின் கலை. புதுவையின் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டபோது, பெயர் தெரியாத எத்தனையோ குயவர்களும் மதிப்புப் பெற்றார்கள் என்று கொள்ளலாம்.

நம் ஆலயங்களிலும் குதிரை உண்டு. தங்கச்சிமடத்தில் கடலோர மக்கள் கொண்டாடும் புனித சந்தியாகப்பர் குதிரை மீது வருபவர். ஈட்டி ஏந்திய புனித ஜார்ஜியாரின் குதிரையைப் பல பங்குகளில் காணலாம். இவையும் கப்பலில் வந்தவைதாம். ஐயனாரின் குதிரை நம்முடையதாகிவிட்டது. இந்தக் குதிரைகள் நம்முடையவை ஆகிவிட்டனவா? ஐரோப்பிய அச்சுப் படங்களைப் பார்த்துச் செய்யப்பட்ட சுரூபங்களின் முன்னால் நாம் கண்ணீரோடு மன்றாடுகிறோம். அந்த மன்றாட்டு முழுக்க முழுக்க நம்முடையது. உருவம் மட்டும் இன்னும் இரவல் போலவே நிற்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-1965) பின்னர் பண்பாட்டுமயமாதல் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சு பெரும்பாலும் மரியன்னைக்குச் சேலை உடுத்துவதோடும், பீடத்தில் குத்துவிளக்கு வைப்பதோடும் நின்றுவிடுகிறது. இரவல் வாங்கிய உருவம் எப்போது நம்முடையதாகிறது என்ற அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது.

அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதும் தூரிகையால் விடை எழுதிய ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஓவியக் கலையில் ஈடுபாடில்லாதவர்கூட அவருடைய குதிரைகளைக் கேள்விப்பட்டிருப்பார். அவர் மக்பூல் ஃபிதா உசேன்.

விளம்பரப் பலகையிலிருந்து கித்தானுக்கு

உசேன் 1915ஆம் ஆண்டு மராட்டிய நாட்டின் பந்தர்பூரில் பிறந்தார். விட்டலரைத் தேடி வார்க்கரி அடியார்கள் நடந்து வரும் புனித ஊரில் ஓர் இசுலாமியக் குடும்பத்தின் குழந்தை. தாய் ஜைனப், அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். தாயின் நிழற்படம் ஒன்றுகூட எஞ்சவில்லை. தாயின் முகம் தமக்கு நினைவில்லை என்பதை உசேன் முதுமை வரை சொல்லிக்கொண்டே இருந்தார். குடும்பம் இந்தூருக்குப் பெயர்ந்தது. விளக்குத் தொழில் செய்த பாட்டனாரின் அரவணைப்பில் சிறுவன் வளர்ந்தான். பிற்காலத்து ஓவியங்களில் அரிக்கேன் விளக்கும் குடையும் திரும்பத் திரும்ப வருவது அந்தப் பாட்டனாரின் நினைவாலேயே.

இளம் வயதில் பம்பாய்க்கு வந்தவர், சினிமா விளம்பரப் பலகைகளை எழுதிப் பிழைத்தார். சாரத்தின் மேல் நின்று ஆளுயரத்துக்கும் மேலான முகங்களைக் குறைந்த நேரத்தில் தீட்டும் அந்த வேலையே அவருடைய பள்ளிக்கூடம். பெரிய பரப்பைக் கண்டு அஞ்சாத கை, தயக்கமில்லாத கோடு, தொலைவிலிருந்து பார்த்தாலும் பிடிபடும் உருவம் ஆகிய மூன்றும் அங்கிருந்தே வந்தன. குழந்தைகளுக்கான மரச்சாமான்களையும் பொம்மைகளையும் வடிவமைத்தும் சில ஆண்டுகள் காலம் தள்ளினார். 1947இல், கோவாவின் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஃபிரான்சிஸ் நியூட்டன் சூசா, ரசா முதலிய நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியபோது உசேனையும் அதில் சேர்த்துக்கொண்டார். 1955இல் தேசிய ஓவியக் கண்காட்சியில் அவருடைய 'ஜமீன்' விருது பெற்றது. ராஜஸ்தானத்தைப் பற்றி அவர் எடுத்த குறும்படம் 1967இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதை வென்றது. 1971இல் பிரேசிலின் சாவோ பாலோ கண்காட்சியில் பிக்காசோவோடு சிறப்பு அழைப்பாளராக நின்றார். வரிசையாக வந்த இந்தச் சிறப்புகளைவிட, அவருடைய குதிரை எங்கிருந்து வந்தது என்பதே நமக்கு முக்கியம்.

மேற்கு கண்ட குதிரை

மேற்கத்திய ஓவியத்தில் குதிரைக்குத் தனி வரலாறு உண்டு. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் தீட்டிய எப்ஸம் பந்தய ஓவியம் இன்று பாரிசின் லூவ்ர் காட்சியகத்தில் இருக்கிறது. அதில் குதிரைகளின் நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீண்டு அந்தரத்தில் மிதக்கின்றன. அப்படித்தான் குதிரை பாயும் என்று பல தலைமுறை ஓவியர்கள் எண்ணியிருந்தார்கள். 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் வரிசையாகப் புகைப்படக் கருவிகளை வைத்துப் பாயும் குதிரையைப் படமெடுத்தார். குதிரையின் கால்கள் நிலத்தைத் தொடாதிருக்கும் கணம் உண்டு. ஆனால் அந்தக் கணத்தில் அவை நீண்டிருப்பதில்லை, வயிற்றின் கீழ் மடங்கியிருக்கின்றன என்று தெரிந்தது. கண் பொய் சொல்லியிருந்தது. கருவி உண்மை சொன்னது.

அந்த உண்மையை ஆர்வத்தோடு கற்றவர் எட்கர் தெகா (1834-1917). பேஸ்டல் என்னும் வண்ணக்கட்டியை உயர்ந்த ஓவியத்தின் தரத்திற்கு ஏற்றியவர்களில் அவர் தலையானவர். பேஸ்டல் என்பது வண்ணப்பொடியைச் சிறிதளவு பசை சேர்த்துக் கட்டியாக்கியது. எண்ணெய் வண்ணத்தைப் போல அது காய்ந்து இறுகுவதில்லை. தாளின்மேல் பொடியாகவே தங்கும். கை பட்டால் கலையும். தெகாவோ அதை ஒட்டுநீர் தெளித்து நிறுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் ஏற்றினார். பந்தயத் திடலில் ஓட்டத்திற்கு முன்பு பொறுமையிழந்து கழுத்தைத் திருப்பும் குதிரைகளை அவர் வரைந்தார். அவற்றின் தசையும் நடையும் மெய்யானவை. ஆயினும் 1894இல் பேஸ்டலில் அவர் தீட்டிய பந்தயக் குதிரைகள் எந்தத் திடலிலும் இல்லை. மலைச்சரிவின் விரிந்த வெளியில், கனவில் போல அவை நடக்கின்றன. கருவியின் உண்மையைக் கற்றுத் தேர்ந்தவரே, பார்வை மங்கிய முதுமையில் நினைவின் குதிரைக்குத் திரும்பினார்.

இன்னொரு குதிரையையும் சொல்ல வேண்டும். புனித பவுலின் மனமாற்றத்தை விவரிக்கும் திருத்தூதர் பணிகள் நூலில் குதிரையே இல்லை. அவர் தரையில் விழுந்தார் என்பதே செய்தி. ஓவியர்கள் அவரை நெடுங்காலமாகக் குதிரையிலிருந்து விழச் செய்தார்கள். கரவாஜியோ 1601இல் உரோமையின் சாந்தா மரியா தெல் போப்போலோ ஆலயத்துக்குத் தீட்டிய ஓவியத்தில் அந்தக் குதிரை படத்தின் பெரும்பகுதியை நிறைத்துவிடுகிறது. கீழே விரித்த கைகளோடு பவுல். மேலே, தன்மீது அமர்ந்தவனை இழந்த குதிரை அவரை மிதித்துவிடாமல் காலைத் தூக்குகிறது. விவிலியம் சொல்லாத விலங்கு அங்கே விவிலியத்தின் பொருளை விளக்குகிறது. ஆளிழந்த குதிரை என்பது மனிதனின் ஆற்றலும் பெருமிதமும் இறங்கிவிட்ட நிலை. உசேனின் குதிரையைப் புரிந்துகொள்ள இந்த ஓவியம் துணை செய்யும்.

ஆளில்லாக் குதிரை

1950களின் தொடக்கத்தில் சீனா சென்ற உசேன், தாங் அரச மரபுக் காலத்துக் கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட சுடுமண் குதிரைகளைக் கண்டார். சூ பெய்ஹோங்கின் மைக் குதிரைகளையும் அறிந்தார். ஐரோப்பியப் பயணத்தில் இத்தாலியச் சிற்பி மாரினோ மாரினியின் குதிரைகள் அவரைப் பாதித்தன. கழுத்தை வானை நோக்கி நீட்டிக் கதறும் குதிரைகள் அவை. இவற்றோடு நின்றிருந்தால் உசேனும் வெளிநாட்டுப் பாணியைக் கற்று வந்த எத்தனையோ ஓவியர்களுள் ஒருவராக முடிந்திருப்பார்.

ஆனால் அவருக்குள் அதற்கு முன்பே ஒரு குதிரை இருந்தது. இந்தூரில் முகர்ரம் ஊர்வலத்தில் துல்துல் என்று மக்கள் அழைக்கும் குதிரை உருவத்தைச் சுமந்து செல்வார்கள். கி.பி. 680இல் கர்பலாவில் வீழ்ந்த இமாம் உசேனின் குதிரை அது. தலைவன் களத்தில் கிடக்க, ஆளில்லாமல் கூடாரத்துக்குத் திரும்பி வந்த குதிரை என்று மரபு சொல்கிறது. அந்தக் குதிரையைக் கண்டபோதே கூடாரத்துப் பெண்களுக்குச் செய்தி விளங்கிவிட்டதாம். அந்த இமாமின் பெயரையே தாங்கிய, தாயில்லாத சிறுவன் அதைத் தெருவில் நின்று பார்த்திருக்கிறான். தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர்களில் இந்துக்களும் சேர்ந்து கொண்டாடும் அல்லா பண்டிகையை அறிந்தவர்களுக்கு அந்தத் தெருவின் உணர்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய குதிரைகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் மேல் ஆள் இல்லை, கடிவாளமும் இல்லை. கழுத்து பின்னோக்கி முறுக்கிக்கொள்கிறது. வாய் பிளந்து பல் தெரிகிறது. குளம்புகள் உடலுக்குப் பொருந்தாத கனத்தோடு தரையை அறைகின்றன. கோடு சில இடங்களில் அறுபட்டு, சில இடங்களில் கரிய பட்டையாகத் தடிக்கிறது. மைபிரிட்ஜின் கருவி இவற்றை ஒப்புக்கொள்ளாது. இவற்றின் ஆற்றலைப் புகழ்ந்து எழுதாத விமரிசகர் இல்லை. வேகம், வீரியம், சூரியனின் தேர்க்குதிரை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அவை தவறல்ல. என் பார்வையில், அந்த வேகத்துக்குள்ளே கேட்பது ஓலம். இந்தக் குதிரைகள் எங்கோ போய்ச் சேர ஓடவில்லை; யாரையோ தேடி ஓடுகின்றன. முதுகின் மேலுள்ள அந்த வெற்றிடமே ஓவியத்தின் மையம்.

கொல்கத்தாவின் சுனில் தாஸ் (1939-2015) இங்கே நல்ல ஒப்புமை. பாரிசில் பயின்றவர், கரித்துண்டால் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வரைந்து தள்ளியவர். அவருடைய குதிரையின் தோலுக்கடியில் தசை புரள்வது தெரியும். அது கண்ணால் கற்ற குதிரை. உசேனுடையது இழப்பால் கற்ற குதிரை. சீனக் களிமண்ணும் இத்தாலிய வெண்கலமும் அவருக்கு வடிவத்தைக் கொடுத்தன. அந்த வடிவம் அவருடைய சொந்தத் துயரத்தின் வழியாகச் சென்று வந்தபோதுதான் இந்தியக் குதிரையாயிற்று. இரவல் சொந்தமாவது இப்படித்தான்.

இதைச் சொல்லும்போதே குறையையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் உசேனின் குதிரை சந்தையின் குதிரையாயிற்று. செல்வர் வீட்டு வரவேற்பறைக்கு ஓர் உசேன் குதிரை வேண்டும் என்ற நிலை வந்தபோது கை மட்டுமே ஓடியது. அதே திருகல், அதே பிளந்த வாய், அதே வண்ணத் திட்டு. பிற்காலக் குதிரைகள் பலவற்றில் ஓலம் இல்லை, ஒப்பனை இருக்கிறது. அவர் இறந்தபின் 2019இல் கத்தார் தலைநகர் தோகாவில் திறக்கப்பட்ட அவருடைய இறுதிப் பெரும் படைப்பில் இத்தாலியின் முரானோ கண்ணாடியில் வார்த்த குதிரைகள் ஒளிர்கின்றன. கண்ணைக் கவரும் அவற்றினும், 1950களின் கரடுமுரடான குதிரையொன்று நெஞ்சை நெடுநேரம் பிடித்து வைக்கிறது. 1954இல் அவர் தீட்டிய கிராம வாழ்வின் நீண்ட ஓவியம் 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 38 இலட்சம் டாலருக்கு விலைபோனது. விலையைக் கொண்டு கலையை அளக்க முடியாது. ஆனாலும் புகழின் உச்சிக்குமுன் செய்த வேலையை உலகம் தேடிப் போவது கவனிக்கத்தக்கது.

முகமில்லாத தாய்

தாயைத் தேடிய கை 1980களில் அன்னை தெரேசாவிடம் வந்து சேர்ந்தது. உசேன் அவரைப் பலமுறை தீட்டினார். அந்த ஓவியங்களில் முகம் இல்லை. நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை இருக்கிறது. சேலையின் மடிப்புகளுக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருள் இருக்கிறது. அந்த இருளுக்குக் கீழிருந்து கைகள் நீள்கின்றன. மடியில் ஒரு குழந்தையோ, துவண்ட மனித உடலோ கிடக்கிறது. புனித பேதுரு பேராலயத்தில் உள்ள மைக்கலாஞ்சலோவின் பியத்தாவைக் கண்டவர்கள் அந்த மடியை உடனே அடையாளம் காண்பார்கள். இறந்த மகனைத் தாங்கிய அன்னையின் மடி, கல்கத்தாவின் நடைபாதையில் விரிந்திருக்கிறது.

முகம் ஏன் இல்லை என்பதற்குத் தாயின் முகம் தமக்குத் தெரியாது என்பதையே உசேன் காரணமாகச் சொன்னார். இதை ஓவியரின் தனிப்பட்ட சோகம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஓவியம் அதற்கு மேலே போகிறது. முகம் இல்லாததால் அந்தத் தாய் யாருக்கும் தாயாக முடிகிறது. அன்னையின் உண்மை முகத்தை, அந்தச் சுருக்கங்களோடு அப்படியே எழுதியிருந்தால் புகழ்பெற்ற ஒருவரின் உருவப்படம் கிடைத்திருக்கும். முகத்தை எடுத்துவிட்டபின் எஞ்சுவது கைகளின் செயல் மட்டுமே. அன்பு தன் முகத்தைக் காட்டிக்கொள்வதில்லை என்பதை எத்தனை மறையுரைகளில் சொன்னாலும் இப்படிப் பதிவதில்லை.

அந்தச் சேலையையும் எண்ணிப் பாருங்கள். 1910இல் ஸ்கோப்யே நகரில் பிறந்து, 1929இல் இந்தியா வந்த ஐரோப்பியப் பெண், 1948இல் துறவு மடத்துக்கு வெளியே வறியோரிடம் சென்றபோது எளிய வெள்ளைச் சேலையை உடுத்தினார். அவருடைய சபைச் சகோதரிகளின் சேலைகளைத் தித்தாகரில் தொழுநோய் கண்டவர்கள் நெய்கிறார்கள். ஆகவே அது நாட்டுக்கேற்ற வேடமன்று. யாருக்காக வந்தாரோ அவர்களுடைய கையால் நெய்யப்பட்ட உடை. அயலிலிருந்து வந்தவர் நம்மவரானது துயருறுவோரின் வழியாகவே. 2016 செப்டம்பர் 4இல் திரு அவை அவரைப் புனிதராக உயர்த்துவதற்கு நெடுங்காலம் முன்பே, ஓர் இசுலாமிய ஓவியர் அந்தச் சேலையை மட்டும் எழுதி அவரை அடையாளம் காட்டிவிட்டார்.

இங்கே சூசாவை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் 1959இல் தீட்டிய சிலுவைப்பாடு இலண்டன் டேட் காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது. முள்ளும் பல்லுமாக நம்மை வெறிக்கும் கிறிஸ்து அவர். கத்தோலிக்கராகப் பிறந்தவர் தம் குழந்தைப் பருவச் சமயத்தோடு சண்டையிட்டு அந்த ஓவியத்தை எழுதினார். வெளியிலிருந்து வந்தவர் ஏக்கத்தோடு தாயை எழுதினார். இரண்டும் நேர்மையான ஓவியங்கள். அச்சுப் படத்தைப் பார்த்து எழுதிய ஆயிரம் பக்திப் படங்களைவிட இவ்விரண்டும் நம் நம்பிக்கைக்கு நெருக்கமானவை என்றே கருதுகிறேன்.

உசேனைப் பற்றி எழுதும்போது அவரைச் சூழ்ந்த பூசலைத் தவிர்ப்பது சரியன்று. 1970களில் அவர் வரைந்த சில தெய்வ உருவங்கள் 1996இல் எதிர்ப்புக்கு உள்ளாயின. புண்பட்டவர்களுள் உண்மையாகவே மனம் நொந்த அடியார்கள் இருந்தார்கள். அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் 1998இல் அவர் வீட்டைத் தாக்கியதும், அடுத்தடுத்த வழக்குகளும், 2006இல் தொண்ணூறு வயது முதியவர் நாட்டை விட்டு வெளியேறியதும் எந்தப் பக்திக்கும் பெருமை சேர்க்கவில்லை. தில்லி உயர்நீதிமன்றம் 2008இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவர் திரும்பவில்லை. 2010இல் கத்தார் குடியுரிமை பெற்று, 2011 ஜூன் 9 அன்று இலண்டனில் இறந்து, இங்கிலாந்து மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நம் சமயச் சின்னங்களைப் பிறர் கையாளும்போது சினங்கொள்ளும் நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் அன்னையை முகமில்லாமல் எழுதியதற்காக நாம் அவரிடம் கோபப்படவில்லை; அதனால் நமக்குக் கிடைத்தது ஏராளம்.

நமக்கு எஞ்சும் கேள்வி

பங்குகளில் இன்று புதிய ஆலயங்கள் எழுகின்றன. சுரூபங்களை விலைப்பட்டியலைப் பார்த்து வரவழைக்கிறோம். ஒரே அச்சில் வார்த்த புனிதர் கன்னியாகுமரியிலும் புதுவையிலும் ஒரே புன்னகையோடு நிற்கிறார். அதை மாற்ற வேண்டும் என்போர் அவருக்கு வேட்டி கட்டிவிடலாம் என்கிறார்கள். குயவனின் குதிரையும் உசேனின் குதிரையும் இவ்விரு சாராருக்கும் ஒரே மறுமொழியைத் தருகின்றன: ஆடையை மாற்றுவதால் உருவம் நம்முடையதாவதில்லை. ஊரைக் காக்க வேண்டும் என்ற அச்சத்தின் வழியாகக் குயவனின் குதிரை வந்தது. தாயை இழந்த ஏக்கத்தின் வழியாக உசேனின் குதிரை வந்தது. நம் புனிதர்கள் எந்த அச்சத்தின், எந்த ஏக்கத்தின் வழியாக வரப்போகிறார்கள்?

சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் நம் கடற்கரையில் இருக்கிறார்கள். வலையோடு போனவர் திரும்பாத வீடுகள் இருக்கின்றன. வியாகுல அன்னையின் முகத்தை எழுத வேண்டிய ஓவியர் அந்த வீடுகளில் சில நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் எந்தப் பாணியில் எழுதினாலும், பேஸ்டலில் எழுதினாலும் களிமண்ணில் வனைந்தாலும், அது நம்முடையதாக இருக்கும். அடுத்த முறை பங்குப் பேரவையில் சுரூபத்துக்காகத் தொகை ஒதுக்கும்போது, விலைப்பட்டியலை மூடி வைத்துவிட்டு, நம் ஊரில் மண்ணோடும் வண்ணத்தோடும் பழகியவர் யார் என்று ஒருவராவது கேட்க வேண்டும்.